ஷேக்ஸ்பியரின் 116ஆம் சானெட்: யாப்பு குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளுள், அதாவது பதினான்கடிக் கவிதைகளுள், 116ஆவதைப் படித்து வருகிறேன். அதன் அடிகளை நேரசை, நிரையசை என்று அலகிடலாமா?

பதில்: கூடாது. நம் அசை குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைக் கொண்டு பிரிக்கப்படுவது. ஆங்கில யாப்போ எந்த அசையில் குரல் அழுந்துகிறது என்பதையே பார்க்கிறது. அழுத்தமற்ற ஓர் அசையும் அழுத்தமுள்ள ஓர் அசையும் சேர்ந்த சீருக்கு அயாம்ப் என்று பெயர். அத்தகைய ஐந்து சீர்கள் கொண்டது ஓர் அடி. ஆனால் இக்கவிதை முதற்சீரிலேயே அந்த ஒழுங்கிலிருந்து விலகுகிறது. ‘லெட் மீ நாட்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் ‘லெட்’டின் மேலேயே விழும். உண்மையான இரு மனங்கள் இணைவதற்குத் தடை எதையும் ஏற்கமாட்டேன் என்பது பொருளாகையால், அந்த அழுத்தத்தை நான் ஓர் உறுதிமொழியின் குரலாகவே கேட்கிறேன்.

கேள்வி: ஆறாம், எட்டாம் அடிகளில் பதினோர் அசைகள் வருகின்றனவே, பிழையா?

பதில்: பிழையன்று. ‘ஷேக்கன்’, ‘டேக்கன்’ என்று அழுத்தமற்ற ஓர் அசை மிகுந்து முடிவதைப் பெண்மை ஈறு என்பார்கள். 20ஆம் சானெட்டில் பதினான்கு அடிகளும் இப்படியே முடிகின்றன. இங்கே, புயலைக் கண்டும் அசையாதது காதல் என்று சொல்லும் அடி, ‘அசைக்கப்பட்ட’ என்று பொருள்படும் ‘ஷேக்கன்’ என்ற சொல்லில் ஓர் அசை கூடித் தானே சற்று நடுங்குகிறது. எனக்கு இக்கவிதையில் மிகவும் பிடித்த இடம் இது.

கேள்வி: இரண்டாம், நான்காம் அடிகளின் ஈற்றில் வரும் ‘லவ்’, ‘ரிமூவ்’ எப்படி இயைபாகும்?

பதில்: முதல் பன்னிரண்டு அடிகள் மூன்று நாலடிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் முதலடி மூன்றாமடியோடும் இரண்டாமடி நான்காமடியோடும் இயைய, கடைசி இரண்டடிகள் தமக்குள் இயைவது இவ்வகைச் சானெட்டின் அமைப்பு. ஆக, ஏழு இணைகள்; அவற்றுள் ‘லவ்–ரிமூவ்’, ‘கம்–டூம்’, ‘ப்ரூவ்ட்–லவ்ட்’ ஆகிய மூன்றும் இன்றைய உச்சரிப்பில் பொருந்துவதில்லை. அக்காலத்தில் இவ்வுயிரொலிகள் நெருங்கி ஒலித்தன, பின்னர்தான் விலகின.

கேள்வி: சானெட்டில் வாதம் திசைமாறும் இடமான திருப்பம் இதில் எங்கே நிகழ்கிறது?

பதில்: இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கின் சானெட்டில் பெரும்பாலும் எட்டாம் அடிக்குப் பின் நிகழும். இதிலோ ஒன்பதாம் அடியும், காதல் காலத்தின் கைப்பாவையன்று என்று முன்வாதத்தையே தொடர்கிறது. ஆகையால் ஈற்று இரண்டடிகளையே நான் திருப்பமாகக் கொள்வேன்: இது பிழையென்று என்மேல் மெய்ப்பிக்கப்பட்டால் நான் எதுவும் எழுதியதும் இல்லை, எவரும் காதலித்ததும் இல்லை என்று, வாதம் அங்கே அறைகூவலாகிறது. இரண்டாம் அடியின் ஈற்றில் நின்ற ‘லவ்’, கடைசி அடியின் ஈற்றில் ‘லவ்ட்’ என்று இறந்தகால வினையாக மீண்டும் வந்து நிற்பதையும் கவனியுங்கள்.