பைதானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில், ஹீட்மேப்பைவிட (எண்களை நிறங்களாகக் காட்டும் படம்) அதன் பக்கத்து வண்ண அளவுகோலான கலர்பார் உயரமாக வருகிறதா?
200 வரிசை, 600 நெடுவரிசைப் படத்துக்கு கலர்பார் வரியில் ஃப்ராக்‌ஷன்=0.015 (கலர்பாருக்கான இடப் பங்கு), பேட்=0.04 (இடைவெளி) கொடுங்கள், மேலும் கீழும் துருத்தாது. 0.015 வந்த கணக்கு இதுதான்: 0.046-ஐ வரிசை/நெடுவரிசை விகிதத்தால் பெருக்க வேண்டும்.

மேட்பிளாட்லிப்பில் படத்தை வரையும் இம்ஷோ கட்டளை பிக்சல்களைச் சதுரமாகவே வைக்கும். அதனால் அகலப் படம் தன் கட்டத்துக்குள் குள்ளமாகிவிடும். கலர்பாரோ முழுக் கட்டத்தின் உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். இம்ஷோவில் ஆஸ்பெக்ட்='ஆட்டோ' போட்டுப் பாருங்கள். இரண்டும் சமமானால் காரணம் இதேதான். பார்த்ததும் எடுத்துவிடுங்கள், படம் இழுபட்டிருக்கும்.

விகிதம் அடிக்கடி மாறுமென்றால் மேக்_ஆக்ஸஸ்_லொகேட்டபிள் (make_axes_locatable) என்ற செயல்கூறுதான் நம்பகமானது. அது தருவதன் அப்பெண்ட்_ஆக்ஸஸில் (append_axes) 'ரைட்', சைஸ்='5%', பேட்=0.05 கொடுத்து, கிடைக்கும் அச்சை கலர்பாரின் சிஏஎக்ஸில் (cax) கொடுங்கள். இங்கே பேட் அங்குலக் கணக்கு; 0.5 என்று தட்டிவிட்டால் கலர்பார் எங்கோ தள்ளி நிற்கும்.

கார்ட்டோபி (புவி வரைபட நூலகம்) வரைபடமென்றால் ஆக்ஸஸ்_கிளாஸ்=பிஎல்டி.ஆக்ஸஸ் (axes_class=plt.Axes) என்பதையும் அப்பெண்ட்_ஆக்ஸஸில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிழை வரும்.