கோயில் கட்டியவர்களிடம் வண்டி வாங்கக் காசில்லை

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நாவூ நகரத்திலிருந்த மார்மன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஓர் இடம் உறுத்துகிறது. அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பால் 1846இல் ஊரைக் காலி செய்து மேற்கே போக வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். வண்டிக்கும் மாட்டுக்கும் காசில்லாமல் திண்டாடினார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆனால் அந்தக் கடைசிக் குளிர்காலத்திலும் கோயில் வேலை நிற்கவில்லை. விட்டுவிட்டுப் போகப்போகிற ஊரில் எதற்குக் கோயில்? அந்தப் பணத்தில் ஏழைகளுக்கு வண்டி வாங்கித் தந்திருக்கலாமே? கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு இது மதத் தலைவர்களின் வழக்கமான ஆடம்பரமாகத்தான் தெரிகிறது. காசில்லாதவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்பதையும் நீங்கள் எழுதவில்லை.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கடன் பிரிவுக்காரரிடம் மாட்டிக்கொண்டேன். சரி, கணக்கையே பார்த்துவிடுவோம்.

‘அந்தப் பணம்’ என்கிறீர்களே, அதில்தான் சிக்கல். நாவூ கோயில் பெரும்பாலும் பணத்தில் எழுந்ததல்ல. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுப்பது என்றதும் நமக்குக் காணிக்கை உறையும் அதற்குள் இருக்கும் நோட்டும்தான் நினைவுக்கு வரும். நாவூவில் ஆண்கள் பத்து நாளைக்கு ஒரு நாள் கோயிலுக்கு உடலுழைப்பாகக் கொடுத்தார்கள். கல் உடைத்தார்கள், சுமந்தார்கள், மரம் இழைத்தார்கள். மற்றவர்கள் தானியமும் கோழியும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நிரந்தரமாக வேலை செய்த கல்தச்சர்களின் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. கண்ணாடிக்கும் ஆணிக்கும் மட்டும் ரொக்கம் வேண்டும். அதற்கு மேரி ஃபீல்டிங் ஸ்மித், மெர்சி ஃபீல்டிங் தாம்ப்சன் என்ற அக்கா தங்கை இருவரும் முன்னின்று, பெண்களிடம் ஆளுக்கு வாரம் ஒரு சென்ட் வசூலித்தார்கள். வாரம் ஒரு சென்ட்! அந்த ஊரில் ரொக்கத்துக்கு இருந்த பஞ்சத்தைக் காட்ட இந்த ஒரு தகவல் போதும்.

இதை வைத்துக்கொண்டு பயணப் பட்டியலுக்கு வாருங்கள். 1845 அக்டோபர் 29ஆம் தேதி ஊர்ப் பத்திரிகையில் அது வெளியானது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நல்ல கூண்டு வண்டி ஒன்று, எருது மூன்று ஜோடி, கறவை மாடு இரண்டு, ஆயிரம் பவுண்டு மாவு, சர்க்கரை, துப்பாக்கி, கூடாரம் என்று நீளும் பட்டியல். படுக்கையும் சமையல் பாத்திரமும் தவிர ஒன்றுமில்லாத குடும்பத்துக்கு ஏறக்குறைய 250 டாலர் ஆகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அன்றைய அமெரிக்கப் படையில் சாதாரணச் சிப்பாயின் சம்பளம் மாதம் 7 டாலர். அதாவது மூன்று வருடச் சம்பளம்.

சொத்து இல்லாதவர்களா என்றால் இல்லை. செங்கல் வீடு, கொட்டில், வேலி போட்ட நிலம் என்று பலரிடம் இருந்தது. ஆனால் ஊரே ஒரே நேரத்தில் விற்க வந்து நிற்கிறது. வசந்தத்தில் புல் முளைத்ததும் கிளம்பிவிடுகிறோம் என்று அவர்களே ஊரறிய வாக்குக் கொடுத்தும் விட்டார்கள். வாங்குகிறவன் எதற்கு அவசரப்பட வேண்டும்? ஒரு ஜோடி மாட்டுக்கும் ஒரு பழைய வண்டிக்கும் வீடுகள் கைமாறின. அடமானச் சொத்து ஏலத்துக்கு வரும் நாளில் என்ன விலை போகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாங்க முடியாததால் வண்டியைத் தாங்களே செய்தார்கள். குழு குழுவாகப் பிரிந்து பட்டறை போட்டார்கள். பச்சை மரத்தை உப்புநீரில் வேகவைத்துப் பதப்படுத்தினார்கள். மரம் காட்டில் கிடைக்கும். சக்கரப் பட்டைக்கான இரும்புக்கு மறுபடியும் ரொக்கம். நவம்பர் கடைசியில் எடுத்த கணக்கில் 3,285 குடும்பங்கள் பதிவாகியிருந்தன. தயாராக இருந்த வண்டிகள் 1,508. அரைகுறையாக இன்னும் 1,892.

ஆனாலும் உங்கள் கேள்வியில் பாதி அப்படியே நிற்கிறது. பணம் வேறாக இருக்கலாம், தச்சனின் கை ஒன்றுதானே? கோயிலுக்குள் இழைத்த நாளில் வண்டி செய்திருக்கலாம். உண்மை. அவர்கள் அப்படி நினைக்கவில்லை. கோயிலில் நடக்கும் சடங்குகளைப் பெறாமல் பாலைவனத்துக்குப் போவது அவர்களுக்கு அர்த்தமில்லாத பயணம். டிசம்பர் 10 முதல் பிப்ரவரி 7 வரை இரவும் பகலுமாக ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் அந்தச் சடங்கைப் பெற்றார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அதனால் அதை ஆடம்பரம் என்று சொல்லிவிட எனக்குத் துணிவும் இல்லை. மே 1ஆம் தேதி நடந்த பொதுப் பிரதிஷ்டைக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். கும்பாபிஷேகத்துக்கு டிக்கெட் போட்ட மாதிரி. கோயில் வேலையாட்களின் கூலி பாக்கியைத் தீர்க்க அந்தக் காசு வேண்டியிருந்தது.

தலைவர்கள் சறுக்கியது வேறு இடத்தில் என்பது என் எண்ணம். புல் முளைக்கும் வரை காத்திராமல், கைதுக்கும் அரசு குறுக்கிடுவதற்கும் அஞ்சி, பிப்ரவரி 4ஆம் தேதியே மிசிசிப்பியைக் கடக்கத் தொடங்கினார்கள். பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தில் ஆயத்தமில்லாதவர்களும் கூடவே கிளம்பினார்கள். அக்கரையில் சுகர் கிரீக் முகாமுக்கு வந்த 800 ஆண்களிடம் இரண்டு வாரத்துக்கு மேல் உணவில்லை. அவர்களின் தலைவர் பிரிகம் யங் தன் குடும்பத்துக்கென்று கொண்டுவந்ததும் பகிர்ந்து தீர்ந்தது. பிறகு அக்கரைப் பகுதியான அயோவா முழுக்கக் கூலி வேலைதான். குடியானவர்களுக்கு வேலிக்கட்டை பிளந்து கொடுத்துச் சோளம் வாங்கினார்கள். வில்லியம் பிட் என்ற இங்கிலாந்துக்காரர் தலைமையில் அவர்களிடம் ஒரு பேண்டு வாத்தியக் குழு இருந்தது. வழியிலிருந்த கியோசாக்வா போன்ற ஊர்களில் அது கச்சேரி நடத்திக் காசு சேர்த்தது.

ரொக்கம் மொத்தமாக வந்தது ஒரே ஒரு வழியில். 1846 ஜூலையில் மெக்சிகோ போருக்காக அமெரிக்கப் படைக்கு ஏறத்தாழ 500 ஆண்களை அனுப்பினார்கள். ஆளுக்கு 42 டாலர் உடைப்படி முன்பணமாகக் கிடைத்தது. அவர்கள் இருந்த உடையோடேயே நடந்தார்கள். பணத்தில் ஒரு பகுதி முகாமுக்கு வந்தது. அதைப் பொதுவில் போட்டு செயின்ட் லூயிஸில் சரக்கு வாங்கினார் யங். புருஷன் சம்பளத்தைத் தங்கள் கையில் தரவில்லை என்று சில பெண்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

காசில்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டீர்கள். 1845 அக்டோபரில் கோயிலுக்குள்ளேயே ஒரு சத்தியம் செய்திருந்தார்கள்: வர விரும்பும் ஒருவரையும் விட்டுவிட்டுப் போவதில்லை என்று. ஆனாலும் விற்க ஒன்றுமில்லாதவர்களும் நோயாளிகளும் விதவைகளும் 1846 செப்டம்பரிலும் நாவூவிலேயே இருந்தார்கள். ஆயுதக் கும்பல் அவர்களை விரட்டியது. நூற்றுக்கணக்கானோர் ஆற்றின் அக்கரையில் காய்ச்சலோடு கிடந்தார்கள். அக்டோபர் 9ஆம் தேதி களைத்துப்போன காடைக் கூட்டங்கள் முகாமில் வந்து விழ, கையாலேயே பிடித்துத் தின்றதை அற்புதம் என்று இன்றும் சொல்கிறார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, மேற்கே முகாமிட்டிருந்தவர்கள் இவர்களுக்காக வண்டிகளைத் திருப்பி அனுப்பியது. அவர்களுக்கே வண்டி போதாத நேரம் அது.

தலைவர்கள் மீதுள்ள உங்கள் கோபத்துக்குச் சரியான இடம் இங்கிலாந்து. அங்கிருந்த சபைகளில் ஆலைத் தொழிலாளர்கள் அதிகம். கப்பலேறுவதற்காக அவர்களிடம் பங்கு வசூலித்து ஒரு கூட்டுப் பங்கு நிறுவனம் தொடங்கினார்கள். தலைமை ஏற்ற ரூபன் ஹெட்லாக்கும் கூட்டாளிகளும் அதை நிர்வாகச் செலவிலும் தங்களுக்கே கொடுத்துக்கொண்ட கடனிலும் கரைத்தார்கள். 1846இல் அமெரிக்காவிலிருந்து அப்போஸ்தலர்கள் எனப்படும் மூத்த தலைவர்கள் மூவர் வந்து அதைக் கலைக்க வேண்டியதாயிற்று.

பிறகு 1849இல், அவர்கள் மேற்கே போய்ச் சேர்ந்த யூட்டாவில் குடியேற்ற நிரந்தர நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். இது தானமல்ல, கடன். வந்து சேர்ந்தவர் உழைத்துத் திருப்பிக் கட்ட வேண்டும், அதில் அடுத்தவர் வருவார். அயோவாவில் தங்கிவிட்ட நாவூ ஏழைகளைத்தான் முதலில் அழைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அதில் வந்தார்கள், கட்டியவர்கள் குறைவு. 1880இல் ஏழைகளின் பாக்கியில் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். 1887இல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு நிதியையே கலைத்தது. அப்போதும் பேரேட்டில் நிறையப் பெயர்கள் பாக்கி. உங்கள் பிரிவில் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்.