தொட்டுப் பார்க்காமல் மறுபரிசோதனையா?

கேள்வி: எனக்கு 48 வயது, அரூர் அருகே ஒரு கிராமம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து, இப்போது நோய் திரும்பாமலிருக்கத் தமாக்சிஃபென் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். அடுத்த மறுபரிசோதனையை வீடியோ அழைப்பிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறது சென்னை மருத்துவமனை. தொட்டுப் பார்க்காமல் எப்படித் தெரியும்? போனும் என் மகனுடையது, கூச்சமாக இருக்கிறது.

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. சிகிச்சை முடிந்த முதல் மூன்று ஆண்டுகளில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறை மார்பையும் தழும்பையும் அக்குளையும் மருத்துவர் கையால் பரிசோதிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) தேவை. இவற்றுக்கு நேரில் வந்தே ஆக வேண்டும். ஆனால் மாத்திரையின் பக்கவிளைவு, திடீரென உடல் கொதித்து வியர்ப்பது, தூக்கமின்மை, ரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றைப் பேசுவதற்காக, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு, இருவரின் கூலியையும் இழந்து, இரவு பஸ்ஸில் சென்னைக்கு வர வேண்டியதில்லை. ஆகவே ஒரு முறை நேரில், அடுத்த முறை வீடியோவில் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். 2020-இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி, எந்த நிலையிலும் அழைப்பை நிறுத்திவிட்டு நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு; உடலைக் கேமராவில் காட்டத் தயக்கம் இருந்தால் மறுத்துவிடலாம், அதற்காக எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எனக்குப் பெரிய கவலை மகனின் போன்தான். அவர் பக்கத்தில் இருக்கையில் உதிரப்போக்கு உண்டா என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றே பதில் வரும். அதே பெண் பிறகு நேரில் வந்து, கதவைச் சாத்தியதும், மூன்று வாரமாகப் படுகிறது என்பார். தமாக்சிஃபென் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்யக்கூடும் என்பதால், மாதவிடாய் நின்றபின் ஒரு துளி பட்டாலும் மறைக்கக் கூடாது. இணைப்புக் கொடுத்ததும் மகனை வெளியே இருக்கச் சொல்லுங்கள். மருத்துவரின் குரல் வெளியே கேட்காதிருக்க ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

புதிய கட்டி, தழும்பில் சிவப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், விடாத எலும்பு வலி, இவற்றில் எது வந்தாலும் அழைப்பு நாளுக்குக் காத்திராமல் நேரில் செல்லுங்கள்; மூச்சுத்திணறல் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். அழைப்புக்கு முந்தைய நாள், தையல் டேப்பால் இரண்டு கைகளையும் முழங்கைக்குக் கீழே 10 செ.மீ. தள்ளி ஒரே இடத்தில் அளந்து குறித்து வையுங்கள். சிகிச்சை நடந்த பக்கத்துக் கை நிணநீர் தேங்கி வீங்கக்கூடும் என்பதால், இடது கை 2 செ.மீ. கூடுதலாக இருந்தால், மருத்துவரிடம் அதையே முதலில் சொல்லுங்கள்.