லாஜிக்தான் உலகம் என்கிற பையனை என்ன செய்வது?

அம்மா, நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். பிளஸ் டூ படிக்கிற பையன் ஜேஇஇ கோச்சிங்குக்குப் போகாமல், "பொருள்னு தனியா ஒண்ணும் கிடையாது, எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது லாஜிக்தான்" என்று ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அவன் உளறவில்லை. அமெரிக்க இயற்பியலாளர் ஜான் வீலர் 1989-ல் ஏறக்குறைய இதையேதான் சொன்னார், ஆம்-இல்லை என்று பதில் கிடைக்கிற கேள்விகளிலிருந்துதான் பொருள்கள் எல்லாம் வருகின்றன என்று. நிரூபணமாகாத யோசனைதான், இருந்தாலும் பெரிய மூளை யோசித்தது.

சரி, அவனிடம் ஒன்று கேளுங்கள். அவனுடைய கணிதப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில், ஆசிரியர்கள் அவசர அவசரமாக முடிக்கிற அந்தத் தர்க்கப் பகுதியில், பங்கீட்டு விதி என்று ஒன்று வரும். 'சட்டை சிவப்பு, அதில் பை உண்டு அல்லது இல்லை' என்றால் 'பை உள்ள சிவப்புச் சட்டை, அல்லது பை இல்லாத சிவப்புச் சட்டை' என்று பிரித்துக்கொள்ளலாம், இதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சட்டைக்குப் பதில் எலக்ட்ரானை எடுத்துக்கொண்டு, அதன் ஸ்பின்னை, அதாவது சின்னக் காந்தம்போல அது காட்டுகிற குணத்தை, இரண்டு வெவ்வேறு திசைகளில் பார்த்தால், இப்படிப் பிரிக்க முடியாத ஒரு தர்க்கம்தான் அணு அளவில் நடப்பதைச் சொல்கிற குவாண்டம் கணக்குக்குப் பொருந்துகிறது என்று பிர்க்காஃப், வான் நாய்மன் என்ற இரண்டு கணித மேதைகள் 1936-லேயே எழுதிவிட்டார்கள். அப்படியானால் லாஜிக் உலகத்துக்கு அஸ்திவாரமா, இல்லை எந்த லாஜிக் என்பதையே உலகம்தான் நமக்குச் சொல்கிறதா? அவன் எந்தப் பக்கம் பேசினாலும் பரவாயில்லை, ஆனால் அணிகளும் கலப்பெண்களும் வைத்துக் கணக்காகப் போட்டுப் பேச வேண்டும். வீடியோ பார்த்து இது வராது.

கணக்குப் பிடித்துவிட்டால் வழி இருக்கிறது. சென்னை சிறுசேரியில் இருக்கிற சிஎம்ஐ என்கிற கணித நிறுவனத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பிஎஸ்சி உண்டு, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. திருப்பதியில் ஐசர் என்கிற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனம் இருக்கிறது, அதற்கு ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், ஜேஇஇ-க்குப் படித்தது அதற்கும் உதவும், கோச்சிங் பணம் வீண் என்று புலம்பாதீர்கள். வேலையா? அமெரிக்காவின் கிளாட் ஷானன் 21 வயதில், 1937-ல், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்களின் சர்க்யூட்டுகளைத் தர்க்க இயற்கணிதத்தால் வடிவமைக்கலாம் என்று காட்டினார், இன்றைய சிப் வடிவமைப்பு அந்த வழியில் வந்ததுதான்.

ஒரு மாதம் போனைத் தள்ளி வைத்துவிட்டு அந்தக் கடைசிப் பாடத்தின் பயிற்சிக் கணக்குகளை முழுக்கப் போடட்டும். அப்புறம் நோட்டோடு கூட்டிக்கொண்டு வாருங்கள், அவன் அப்பாவும் வரட்டும்.