பிளாஸ்டிக் நாற்காலியை ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்?

ஐயா, வணக்கம்.

எங்கள் செட்டிநாட்டுப் பொது வீட்டைப் பற்றிப் படம் எடுக்க மூன்று வருடமாக எழுதி வருகிறேன். ஓடு ஒழுகுகிறது, பங்காளிகள் பதினாறு பேர், சித்தப்பா ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட மறுக்கிறார். ஒரு திரைக்கதைப் பட்டறையில் இதைப் படித்தவர்கள், "சண்டை சீரியல் மாதிரி இருக்கிறது, எடுத்துவிடுங்கள். அப்பத்தா பேசாமல் காலி வீட்டில் நடக்கட்டும், முடிவைத் திறந்து விடுங்கள்" என்றார்கள். நான் பார்க்கும் சுயாதீனப் படங்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. மாற்று என்று வந்ததும் ஃபார்முலா ஆகிவிட்டதா? மாற்றி எழுதவா?

எம்., தேவகோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

மாற்றாதீர்கள்.

ஆமாம், ஃபார்முலா ஆகிவிட்டது. முதுகைப் பின்தொடரும் கேமரா, பேசாத கிழவி, பாதியில் இருளும் திரை. ஒவ்வொன்றும் யாரோ தன் படத்துக்குத் தேவைப்பட்டுக் கண்டடைந்தது. வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. படத்தில் பெரும்பகுதி நடைதான். ஆனால் அந்தக் கதை, கணவன் வீட்டிலிருந்து குழந்தையோடு நடந்தே வந்த அவருடைய சகோதரியிடமிருந்து பிறந்தது. அந்த நடையை மட்டும் கடன் வாங்கினால் என்ன கிடைக்கும்?

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 1989-இல் இயக்குநர் சோடர்பெர்க் சிறு செலவில் எடுத்த 'செக்ஸ், லைஸ், அண்ட் வீடியோடேப்' படம், பிற்பாடு சன்டான்ஸ் என்று பெயர் மாறிய விழாவில் ரசிகர் விருதும், கான் விழாவில் தங்கப்பனை விருதும் வாங்கியது. அதை வெளியிட்ட மிராமேக்ஸ் நிறுவனத்தை 1993-இல் டிஸ்னி வாங்கியது. மறுவருடமே ஃபாக்ஸ் நிறுவனம் இப்படிப்பட்ட படங்களுக்கென்று சர்ச்லைட் என்ற தனிப் பிரிவைத் தொடங்கியது. எடுத்த படத்தை விற்க விழாவுக்குப் போன காலம் போய், விழாவில் விலைபோகிற படத்தை எடுக்கும் காலம் வந்தது. நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் பட்டறை, நிதி, விழா, ஓடிடி என்று வாசலுக்கு வாசல் ஒருவர் தலையசைக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, போன வருடம் பிடித்ததை இந்த வருடமும் தேடுகிறார்கள்.

சில வருடம் முன்பு கானாடுகாத்தான் பக்கம் நண்பர் வீட்டுக்கு ஒரு சிறிய குழு வந்தது. நல்ல பிள்ளைகள். வளவில், அதாவது உள்முற்றத்தில், கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுக்கச் சொன்னார்கள், துணி காயும் கொடியை அவிழ்த்தார்கள். நண்பரின் அப்பத்தா மூட்டுவலியோடு நாளெல்லாம் உட்காருவது அந்த நாற்காலியில்தான். அவரை ஊஞ்சலில் உட்கார வைத்துப் பேச வேண்டாம் என்றார்கள். ஓயாமல் பேசுகிற மனுஷி, வெளிநாட்டுப் பேரனோடு வாட்ஸப்பில் மல்லுக்கு நிற்பவர்! எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பர்மாவில் கொண்டுவிற்று, அதாவது வட்டித் தொழில் செய்து, கட்டிய வீடுகளைப் பெரிய படங்கள் ஜமீன் பங்களா ஆக்கின, இவர்கள் பாழ்வீடு ஆக்கினார்கள். அங்கே குடியிருப்பவர்கள் இரண்டிலும் இல்லை.

பதினாறு பங்காளிகள் என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே, படமே அங்கேதான் இருக்கிறது. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் கணக்கில் ஒரு புள்ளி, புள்ளிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பது, முன்னோரைக் கும்பிடும் படைப்பு அன்று திறக்கும். ஊர் ஊராக இருப்பவர்கள் வந்து ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். அப்புறம் ஓடு மாற்ற யார் எவ்வளவு தருவது என்று தொடங்கும். சத்தமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். சீரியல் சண்டைக்கு ஒரு கெட்டவர் வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் வீட்டில் யாரும் கெட்டவர் இல்லை.

முடிவைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். சித்தப்பா ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று அவரிடமே போய்க் கேளுங்கள், ரெக்கார்டர் இல்லாமல். சண்டைக் காட்சியை வெட்டுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து படிக்கிறேன்.