காலையில் இருக்கிறது, ராத்திரி இல்லை!

கேள்வி: வயது 41, லாரி ஓட்டுகிறேன். ஆறு மாதமாக விறைப்பு நிற்பதில்லை. லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர் கொடுத்த லேகியமும் பலிக்கவில்லை. மனைவியிடம் சொல்லக் கூச்சம். காலையில் மட்டும் சரியாக இருக்கிறது.
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் லேகியத்தை நிறுத்துங்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்றவருக்கே தெரியுமோ என்னவோ. காலையில் விறைப்பு வருகிறது என்றால் பெரும்பாலும் ரத்த ஓட்டம் பரவாயில்லை, பதற்றம்தான் கெடுக்கிறது. ஒரு தடவை தவறினால் போதும், அடுத்த தடவை ‘இன்றைக்கும் ஆகாதோ’ என்ற பயமே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதற்கு மனநல ஆலோசனை நன்றாகவே உதவும், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரும் தன்மேல்தான் குறையோ என்று தவித்துக்கொண்டிருக்கலாம்.

அப்படியே சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை, அதனால் அடைப்பு அங்கே முன்னதாகவே தெரியலாம். பீடியை விடுங்கள். டோல்கேட் தாண்டியதும் புரோட்டா, வண்டியை நிறுத்தியதும் குவார்ட்டர், அதுவும்தான். லோடு இறங்கும் நேரத்தில் கேபினிலேயே உட்காராமல் அரை மணி நேரம் வேகமாக நடக்கலாமே! அப்புறம், மெடிக்கலில் நீங்களாகவே சில்டெனாஃபில் என்ற விறைப்பு மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து எடுப்பவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.