யூ துணையில்லாத க்யூ: ஸ்கிராபிள் வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலும் யூ (U) துணையோடுதான் க்யூ (Q) வரும். க்யூ கையில் வந்துவிட்டால், யூ வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளின் ஆங்கிலப் பெட்டியில் உள்ள 100 காய்களில் யூ நான்குதான் உண்டு. 10 புள்ளி மதிப்புள்ள க்யூவைக் கையில் வைத்தபடி ஆட்டம் முடிந்தால், அந்தப் பத்தும் உங்கள் கணக்கிலிருந்து கழியும். சீன மொழியில் உயிராற்றலைக் குறிக்கும் 'சீ' என்ற சொல், க்யூ, ஐ என இரண்டே எழுத்துகளால் எழுதப்படுகிறது; 2006 முதல் அமெரிக்கப் போட்டிகளுக்கான சொற்பட்டியலிலும் அதற்கு இடமுண்டு. எழுத்தை மும்மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் ஒரே வீச்சில் அச்சொல் அமையச் செய்தால் 62 புள்ளி கிடைக்கும். யூ இல்லாத மற்றவற்றுள் பல, அரபு மொழியில் அடிநாவில் பிறக்கும் 'காஃப்' என்ற எழுத்துக்கு ஈடாக க்யூவை இட்டதால் வந்தவை: ஏமனில் மெல்லப்படும் 'காட்' இலை, ஈரானின் நிலத்தடி நீர்க்கால்வாயான 'கனாட்', 'ஃபக்கீர்', 'தலாக்'. இவற்றுள் பின்னிரண்டும் தமிழர் காதுக்குப் பழகியவை என்பதால், கே வரும் இடத்தில் க்யூவை நினைவில் கொண்டாலே போதும்.

கேள்வி: பி-ஹெச்-டி-ஹெச் (phth) என்ற வரிசை எந்தச் சொற்களில் வருகிறது? 'டிப்தீரியா'வை நான் எப்போதும் பிழையாகவே எழுதுகிறேன்.

பதில்: பலரும் முதல் ஹெச்சை விட்டுவிடுகிறார்கள், அவ்விடத்தில் 'ப்' ஒலியே காதில் விழுவதுதான் காரணம். கிரேக்கத்தின் ஃபை, தீட்டா என்னும் இரு எழுத்துகள் அடுத்தடுத்து நிற்பதே இந்த வரிசை என்று அறிந்தால், எந்த ஹெச்சும் விடுபடாது. கண் மருத்துவத்தைக் குறிக்கும் 'ஆஃப்தால்மாலஜி', ஈருயிர் ஒலியான 'டிஃப்தாங்', காசநோயின் பழைய பெயரான 'தைசிஸ்' ஆகியவையும் இதே குடும்பத்தவை. ஆட்டத்துக்கு உகந்தது, எளிதில் தீப்பற்றும் எண்ணெயைக் குறிக்கும் 'நாஃப்தா' (naphtha): பெட்டியிலுள்ள இரண்டு ஹெச்சும் அதற்குத் தேவைப்படும் என்றாலும், சரியாக ஏழு எழுத்து என்பதால், ஏழு காய்களையும் ஒருசேர வைப்பதற்கான 50 புள்ளியுடன் குறைந்தது 65 புள்ளி சேரும். இதை அமைக்கும் வாய்ப்பு அரிது. ஆகவே வந்தால் தவறவிடாதீர்கள்.

கேள்வி: எம்-டி (mt) என முடியும் சொல், கனவு கண்டதைக் குறிக்கும் 'ட்ரெம்ட்' (dreamt) ஒன்றுதானா?

பதில்: அடிச்சொல் அது ஒன்றே, முன்னொட்டுச் சேர்ந்த 'அன்ட்ரெம்ட்' போன்றவையும் செல்லும்.

கேள்வி: யூ மட்டும் குவிந்துவிட்டால்?

பதில்: 'வேக்கியூம்', 'கன்டினியூம்' போன்ற லத்தீன் சொற்களில் இரட்டை யூ வரும். ஹவாய்ப் பெண்களின் தளர்ந்த உடையான 'மூமூ'வோ (muumuu) பெட்டியின் நான்கு யூக்களையும் இரண்டு எம்களையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளும்.